பேட்டரி மேல் விழுந்த பழி

செல்ஃப் பட்டனை அழுத்தினால் 'டிக் டிக்' என்று மட்டும் சத்தம் வருகிறது. ஹாரன் கம்மிப்போயிருக்கிறது. இண்டிகேட்டர் போட்டால் மீட்டர் விளக்கும் சேர்ந்து மங்குகிறது. மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் எவருக்கும் இந்தக் காலைப்பொழுது தெரியும். அப்போது நாம் சொல்லும் தீர்ப்பும் ஒன்றுதான்: பேட்டரி போயிடுச்சு. புதிதாக ஒன்று வாங்கி மாட்டுகிறோம். இரண்டு வாரம் வண்டி ஒழுங்காக ஓடுகிறது. மூன்றாவது வாரம் மறுபடியும் டிக் டிக்.

பழுது பல நேரம் வேறெங்கோ இருக்கும். அது வெளியே தெரிகிற இடம்தான் பேட்டரி. இன்ஜின் சுற்றும்போது மின்சாரம் பிறந்து, ஒரே திசைக்குத் திருப்பப்பட்டு, அளவோடு பேட்டரிக்குப் போய்ச் சேர ஒரு பாதை இருக்கிறது. இன்ஜினோடு சுற்றும் மேக்னெட், அதற்குள் அசையாமல் நிற்கும் காயில், மெக்கானிக்குகள் ஆர்.ஆர். யூனிட் என்று சொல்லும் ரெகுலேட்டர், கடைசியில் பேட்டரி. இந்த நான்கும் வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு காலங்களில் பிறந்தவை. இவற்றைச் சோதிக்கும் மீட்டருக்கும் தனியாக ஒரு பூர்வீகம் உண்டு. இவையெல்லாம் ஒரே வண்டியில் வந்து கூடிய கதை தெரிந்தால், பழுதை எந்த வரிசையில் தேடுவது என்பதும் பிடிபட்டுவிடும்.

மீட்டர்தான் எல்லாவற்றுக்கும் மூத்தது. 1820இல் கோபன்ஹேகனில் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட் என்ற பேராசிரியர் பாடம் நடத்தும்போது, மின்சாரம் ஓடும் கம்பிக்குப் பக்கத்தில் இருந்த திசைகாட்டியின் ஊசி அசைந்ததைக் கவனித்தார். அந்த அசைவு மிகச் சிறியது. அதே ஆண்டில் ஜெர்மனியின் ஹாலே நகரில் ஷ்வைகர் என்பவர் கம்பியை ஊசியைச் சுற்றிப் பல சுற்றுகள் சுற்றிப் பார்த்தார். அசைவு பெரிதானது. மின்சாரத்தை இயந்திரத்தால் தயாரிக்க வழி தெரிவதற்கு முன்பே அதை அளக்க ஒரு கருவி வந்துவிட்டது.

தயாரிக்கும் வழியை 1831இல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே காட்டினார். கம்பிச் சுருளுக்குள் ஒரு காந்தத்தைச் செருகினால் ஊசி ஒரு பக்கம் ஆடும், உருவினால் மறுபக்கம் ஆடும், காந்தம் சும்மா இருந்தால் ஊசியும் சும்மா இருக்கும். மறு ஆண்டே பாரிஸில் கருவிகள் செய்துவந்த இப்போலித் பிக்ஸி இதை ஒரு இயந்திரமாக்கினார். கைப்பிடியைச் சுற்றினால் லாட வடிவக் காந்தம் சுழலும், அதற்கு மேலே கம்பிச் சுருள்கள் அசையாமல் இருக்கும். மின்சாரம் வந்தது. ஆனால் காந்தம் அரைச் சுற்றுச் சுற்றும்போதெல்லாம் அது திசை மாறிக்கொண்டே இருந்தது. அப்படிப்பட்ட மின்சாரத்தால் அன்று யாருக்கும் பயனில்லை. இயற்பியலாளர் ஆம்பியரின் யோசனைப்படி திசையை ஒழுங்குபடுத்தும் ஒரு சுழல் சுவிட்சைப் பிக்ஸி சேர்த்தார். பிறகு டைனமோக்களில் கம்யூட்டேட்டர் என்று நிலைத்தது அதுதான். இன்று உங்கள் வண்டியின் இடது பக்க மூடியைக் கழற்றினால் அநேகமாகத் தெரிவது பிக்ஸியின் முதல் அமைப்பு: காந்தம் சுழல்கிறது, காயில் நிற்கிறது, திசை மாறும் மின்சாரம் பிறக்கிறது. மோட்டார் சைக்கிள் உலகம் நெடுங்காலம் கம்யூட்டேட்டரோடு மல்லுக்கட்டிவிட்டுத்தான் அந்த இடத்துக்குத் திரும்பி வந்தது.

பேட்டரி பிரான்சிலிருந்து வந்தது. 1859இல் காஸ்டன் பிளான்டே இரண்டு ஈயத் தகடுகளைச் சுருட்டிக் கந்தக அமிலத்தில் வைத்தார். தீர்ந்தால் மறுபடி நிரப்பிக்கொள்ளக்கூடிய முதல் மின்கலம் அது. 1881இல் கமீல் ஃபோர் தகடுகளின் மேல் ஈய ஆக்சைடு பசையைப் பூசினார். கொள்ளளவு கூடியது, தொழிற்சாலையில் செய்வதும் எளிதானது. அடிப்படை வேதியியல் இன்றுவரை மாறவில்லை. அதன் பலவீனமும் மாறவில்லை. மின்சாரம் இறங்கும்போது தகடுகளில் ஈய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் கரைந்துவிடும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் படிகமாக இறுகிவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் கரையாது. இதனால்தான் ஏமாந்துபோகிறோம். ரெகுலேட்டர் பழுதால் அரைப்பட்டினியாகக் கிடந்த பேட்டரி சில வாரத்தில் உண்மையாகவே செத்துப்போகும். மெக்கானிக் சோதித்துவிட்டு பேட்டரி சரியில்லை என்று சொல்வது பொய்யல்ல. அது ஏன் செத்தது என்று யாரும் கேட்காமல் விடுவதுதான் புதிய பேட்டரியையும் கொல்கிறது.

பழைய ஆங்கிலேய மோட்டார் சைக்கிள்களைச் சீர்செய்பவர்களுக்கு இன்றும் கைகொடுக்கும் ஒரு விஷயம் 1866இல் பெர்லினில் நடந்தது. நிலைக்காந்தமே இல்லாமல், இரும்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சசொச்சக் காந்தத்தைக் கொண்டே ஒரு இயந்திரம் தன் காந்தத்தைத் தானே வளர்த்துக்கொள்ள முடியும் என்று வெர்னர் சீமன்ஸ் காட்டினார். டைனமோவின் அடிப்படை இதுதான். அந்த மிச்சக் காந்தம் போய்விட்டால், எல்லா உறுப்பும் நன்றாக இருந்தாலும் டைனமோ ஊமையாகிவிடும். பல வருடம் சும்மா கிடந்த வண்டியில் டைனமோ சார்ஜ் செய்யவில்லை என்றால், விஷயம் தெரிந்தவர் பேட்டரியிலிருந்து ஒரு வயரை எடுத்து டைனமோவின் ஃபீல்ட் முனையில் ஒரு கணம் தொட்டு எடுப்பார். இரும்புக்குப் பழைய காந்தம் திரும்பிவிடும். எதையும் மாற்ற வேண்டியதில்லை.

மோட்டார் சைக்கிளுக்குள் மின்சாரம் நுழைந்தது வெளிச்சத்துக்காக இல்லை, தீப்பொறிக்காக. ராபர்ட் போஷ் ஸ்டுட்கார்ட்டில் நடத்திய சிறு பட்டறை, ஒரே இடத்தில் நின்று மெதுவாக ஓடும் இன்ஜின்களுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோ செய்துகொண்டிருந்தது. 1897இல் ஃபிரெடெரிக் சிம்ஸ் என்ற வணிகர் டி டியோன் பூட்டோன் மூன்று சக்கர வண்டியைக் கொண்டுவந்து இதில் பொருத்த முடியுமா என்று கேட்டார். அதன் இன்ஜின் நிமிடத்துக்கு 1,800 முறை சுற்றக்கூடியது. பழைய மேக்னெட்டோவின் கனத்த ஆர்மேச்சரால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. பட்டறையில் இருந்த ஆர்னால்ட் சேரிங்கர், ஆர்மேச்சரை நிறுத்திவிட்டு அதைச் சுற்றி ஒரு லேசான உலோக உறையை மட்டும் அசைய வைத்தார். வேலை முடிந்தது. 1902இல் கோட்லோப் ஹோனோல்ட் ஸ்பார்க் பிளக்கோடு சேர்ந்த உயர் மின்னழுத்த மேக்னெட்டோவைச் செய்தபின் உலகம் முழுவதும் அது பரவியது.

மேக்னெட்டோவுக்குப் பேட்டரி தேவையில்லை. அதனால் அன்றைய மோட்டார் சைக்கிளில் சார்ஜிங் பழுது என்ற ஒன்றே கிடையாது. இரவில் வழிகாட்டியது கார்பைடு விளக்கு. கல்லின் மேல் தண்ணீர் சொட்ட, பிறக்கும் வாயு எரியும். அழுக்கான, நாறும் ஏற்பாடு, ஆனாலும் நம்பகமானது. 1914இல் அமெரிக்காவின் இந்தியன் நிறுவனம் 'ஹெண்டி ஸ்பெஷல்' என்ற வண்டியில் மின்விளக்கும் செல்ஃப் ஸ்டார்ட்டும் வைத்து விற்றது. அன்றைய பேட்டரிகளால் அந்தச் சுமையைத் தாங்க முடியவில்லை. வண்டி சீக்கிரமே கைவிடப்பட்டது. செல்ஃப் அடிக்காத முதல் காலைப்பொழுதுகள் அந்த வண்டிக்காரர்களுக்குத்தான் வாய்த்திருக்கும்.

அதே 1914இல் முதல் உலகப் போர் மூண்டது. பிரிட்டனில் ஓடிய மேக்னெட்டோக்களில் மிகப் பெரும்பாலானவை ஜெர்மனியிலிருந்து வந்தவை. விமானத்துக்கும் ராணுவ வண்டிக்கும் அது இல்லாமல் முடியாது, விற்பவனோ எதிரி. பர்மிங்காமில் தாம்சன் பென்னெட் என்ற சிறு நிறுவனம் மேக்னெட்டோ செய்துகொண்டிருந்தது. சைக்கிள் விளக்குகளால் பெயர் பெற்ற ஜோசப் லூக்காஸ் நிறுவனம் அதை அந்த ஆண்டே வாங்கிப்போட்டது. அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம் போஷின் அமெரிக்கக் கிளையை அரசாங்கமே எதிரிச் சொத்தாகப் பறிமுதல் செய்தது. ஜெர்மானியக் கைத்திறமை இப்படித்தான் ஆங்கிலம் பேசும் நாடுகளின் உள்ளூர்ச் சரக்கானது. விளக்குக் கம்பெனியாக இருந்த லூக்காஸ், அடுத்த அரை நூற்றாண்டுக்கு பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிளின் மின்சாரத்தையே கையில் வைத்திருந்தது.

1920களில் இரண்டு கிளை பிரிந்தது. வுல்வர்ஹாம்ப்டனின் வில்லியர்ஸ் நிறுவனம் இன்ஜினின் ஃப்ளைவீலிலேயே காந்தங்களைப் பதித்து, அதற்குள்ளே காயிலை நிறுத்தியது. மலிவு, எளிமை, தேயும் உறுப்புகளும் குறைவு. சின்ன வண்டிகளின் வழி இது. பெரிய வண்டிகளுக்கு லூக்காஸ், மேக்னெட்டோவின் முதுகில் ஒரு டைனமோவைக் கட்டி 'மேக்டைனோ' என்று விற்றது. டைனமோவோடு கார்பன் பிரஷ்ஷும் கம்யூட்டேட்டரும் வந்தன, நம் தலைவலியும் வந்தது. பிரஷ் தேய்ந்தால் சார்ஜ் நின்றுவிடும். இன்ஜின் நின்றதும் பேட்டரியிலிருந்து மின்சாரம் பின்வாங்கி டைனமோவுக்குள் ஓடாமல் தடுக்க ஒரு கட்-அவுட் வேண்டும், அது ஒட்டிக்கொண்டால் காலையில் பேட்டரி காலி. வேகம் கூடும்போது மின்சாரம் எகிறாமல் இருக்க முதலில் மூன்றாவது பிரஷ் என்ற குறுக்கு வழி. 1930களில் துடிக்கும் முனைகள் கொண்ட ரெகுலேட்டர் பெட்டி. அந்த முனைகள் கருகும், அதன் ஸ்பிரிங் தளரும். பழுது பார்ப்பது என்பது ஒரு தனிக் கலையாக ஆனது இந்தக் காலத்தில்தான்.

சின்ன வண்டிகளின் கிளையில், இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. ஆர்.டி. 125 என்ற எளிய வண்டியை வென்றவர்கள் பங்குபோட்டுக்கொண்டார்கள். இங்கிலாந்தில் அது பி.எஸ்.ஏ. பாண்டம் ஆனது, அமெரிக்காவில் ஹார்லியின் 125 ஆனது, ரஷ்யாவிலும் ஒரு பிரதி பிறந்தது. ஜப்பானில் பியானோ செய்துவந்த யமஹா 1955இல் தன் முதல் மோட்டார் சைக்கிளாக இதே வடிவத்தைப் பின்பற்றியது. தமிழ்நாட்டில் இன்றும் போற்றப்படும் ஆர்.எக்ஸ். 100இன் வம்சாவளியைப் பின்னோக்கித் தேடிப்போனால் அந்த ஜெர்மன் வரைபடத்தில்தான் போய் நிற்போம்.

பெரிய வண்டிகளில் திருப்பம் 1953இல் வந்தது. டிரையம்ஃப் தன் ஸ்பீட் ட்வின் வண்டியில் டைனமோவைத் தூக்கி எறிந்துவிட்டு லூக்காஸின் ஆல்டர்னேட்டரை வைத்தது. சுழலும் காந்தம், நிற்கும் காயில். பிக்ஸியே திரும்பி வந்தார்! திசை மாறும் மின்சாரத்தை நேராக்க இப்போது சுழல் சுவிட்ச் தேவையில்லை. சில படிகங்கள் மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் எளிதாக விடுகின்றன என்று 1874இலேயே ஃபெர்டினாண்ட் பிரவுன் கண்டறிந்திருந்தார்.  அந்தக் குணத்தைக் கொண்ட செலினியத் தகடுகளை அடுக்கிச் செய்ததுதான் டிரையம்ஃபின் ரெக்டிஃபையர். அது எரிந்துபோனால் அழுகிய நாற்றம் அடிக்கும். அதன் பழுதைக் கண்டுபிடிக்க மூக்கே போதும்.

ஆனால் அளவு கட்டுப்பாட்டுக்கு என்ன செய்தார்கள்? டைனமோவில் ஃபீல்ட் மின்சாரத்தைக் குறைத்தால் உற்பத்தி குறையும். நிலைக்காந்தத்தை எப்படிக் குறைப்பது? தொடக்கத்தில் லூக்காஸ் அதை ஹெட்லைட் சுவிட்சிடம் ஒப்படைத்தது. விளக்கு அணைந்திருந்தால் சில காயில்கள் மட்டும் வேலை செய்யும், விளக்கைப் போட்டால் எல்லாம் சேர்ந்துகொள்ளும். அதாவது சார்ஜிங் பழுதுக்கு விளக்குச் சுவிட்சும் காரணமாக இருக்கலாம். பகலில் நிதானமாக நீண்ட தூரம் ஓட்டினால் பேட்டரி கொதிக்கும், இரவில் நகருக்குள் ஊர்ந்தால் காலியாகும். லூக்காஸுக்கு 'இருளின் இளவரசன்' என்ற பட்டப்பெயர் நிலைத்ததில் இந்த ஏற்பாட்டுக்கும் பங்கு இருந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. போதாததற்கு அன்றைய ஆங்கிலேய வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு எர்த் ஆகியிருக்கும். இன்றைய பழக்கத்தில் நெகட்டிவை எர்த் செய்து ரெக்டிஃபையரைக் கருக்கியவர்கள் ஏராளம்.

1960களின் நடுவில் ஒரு புதிய வழி வந்தது. அமெரிக்க இயற்பியலாளர் கிளாரன்ஸ் ஸீனர் 1934இல் மின்காப்புப் பொருள்கள் குறிப்பிட்ட அழுத்தத்தில் திடீரென்று வழிவிடுவதைப் பற்றி எழுதியிருந்தார். அவர் பெயரைத் தாங்கிய டயோடு 12 வோல்ட்டுக்கு மாறிய பிரிட்டிஷ் வண்டிகளில் ஏறியது. பேட்டரி நிரம்பி வோல்ட் ஒரு வரம்பைத் தொட்டதும் ஸீனர் டயோடு திறந்துகொள்ளும், மிச்ச மின்சாரத்தை வாங்கிச் சூடாக்கிக் காற்றில் விட்டுவிடும். ஹெட்லைட்டுக்குக் கீழே காற்று படும் இடத்தில் அலுமினியத் துடுப்புகளோடு அது தொங்கியது. மிஞ்சியதைச் சூடாக்கிக் கொட்டுவது என்ற இந்த முடிவு, அவசரத்துக்குக் கண்ட வழி. அதுதான் நம் வண்டிவரைக்கும் வந்திருக்கிறது. ஸீனர் இருந்த இடத்தில் இன்று தைரிஸ்டர் இருக்கிறது. அது தன் பங்குக்குக் காயிலின் முனைகளையே குறுக்கிணைத்து, மிச்சத்தைக் காயிலுக்குள்ளேயே திருப்பிவிடுகிறது.

பலர் நம்ப மறுக்கும் ஒரு விளைவு இதிலிருந்து வருகிறது. ஹாலஜன் பல்பை எடுத்துவிட்டு எல்.இ.டி. போட்டால் சார்ஜிங் அமைப்புக்குச் சுமை குறையும் என்று நினைக்கிறோம். ஆனால் இப்படிக் குறுக்கிணைக்கும் ஷன்ட் வகை ரெகுலேட்டர் உள்ள வண்டியில் காயில் எப்போதும் முழு வீச்சில்தான் வேலை செய்கிறது. விளக்குக்குப் போகாத மின்சாரம் ரெகுலேட்டர் வழியே திரும்பிச் சுற்றுகிறது. காயிலின் சூடு குறையாது, ரெகுலேட்டர் கழித்துவிட வேண்டியது கூடுகிறது. பேட்டரிக்கு நன்மை, ரெகுலேட்டருக்கு நன்மை இல்லை. தேவையானபோது மட்டும் சுற்றைத் திறந்து மூடும் சீரீஸ் வகை ரெகுலேட்டர்களை ஜப்பானின் ஷின்டென்ஜென் போன்ற நிறுவனங்கள் இப்போது செய்கின்றன. விலை கூடுதல்தான். நீண்ட பயணம் போகிறவர்களுக்கு அந்தப் பணம் வீண்போகாது.

கதை சென்னைக்கு வந்தது 1955இல். இந்திய ராணுவத்தின் தேவைக்காக ராயல் என்ஃபீல்டின் புல்லட்டை இங்கேயே பூட்ட, மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிட்ச் ஆலையும் கைகோத்தன. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. அந்த வண்டியின் ஹெட்லைட் கூட்டின் மேல் ஒரு சிறிய அம்மீட்டர் இருந்தது. நடுவில் பூஜ்யம். சாவியைத் திருப்பினால் ஊசி இடப்பக்கம் சாயும். கிக்கர் அடித்து இன்ஜின் பிடித்ததும் ஒவ்வொரு வெடிப்புக்கும் ஊசி நடுங்கும். ஆக்ஸிலேட்டரைக் கொடுத்தால் வலப்பக்கம் ஏறும். கொஞ்ச தூரம் ஓடியபின் பேட்டரி நிரம்ப நிரம்ப நடுவுக்கு வந்து நிற்கும். ஓடும்போதும் இடப்பக்கமே சாய்ந்திருந்தால் சார்ஜ் இல்லை, ஊருக்குத் திரும்பிவிடுவது நல்லது. எந்தப் படிப்பும் இல்லாத புல்லட்காரர்கள் அந்த ஊசியைப் பார்த்தே வண்டியின் உடல்நிலையைச் சொன்னார்கள். கோபன்ஹேகனில் ஆடிய அதே ஊசி. பிற்பாடு வந்த வண்டிகளில் அதை எடுத்துவிட்டது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன். இப்போது சில நூறு ரூபாய்க்கு ஹேண்டில்பாரில் பொருத்தும் சிறிய வோல்ட்மீட்டர்கள் அந்த இடத்தை ஓரளவு நிரப்புகின்றன.

1961இல் லூக்காஸும் மதுரையில் பேருந்து ஓட்டித் தொடங்கிய டி.வி.எஸ். குழுமமும் சேர்ந்து லூக்காஸ் டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கின. பர்மிங்காமின் தொழில் பாடியில் குடியேறியது. 1980களின் நடுவில் ஜப்பானியக் கூட்டணிகளில் 100 சி.சி. வண்டிகள் வந்தபோது ஓசூர் அந்தத் தொழிலின் இன்னொரு மையமானது. அந்த வண்டிகள் வில்லியர்ஸின் வழிவந்தவை. ஹெட்லைட் நேராகக் காயிலிலிருந்தே எரியும். ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் சாலை பளிச்சென்று தெரியும், மேட்டில் வண்டி திணறினால் விளக்கும் மங்கும். பேட்டரியே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் ஓட்டியவர்கள் உண்டு.

அந்தக் காலத்தின் இரண்டு பழக்கங்கள் பட்டறைகளில் தங்கிவிட்டன. இன்ஜின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றிப் பார்ப்பது ஒன்று. வண்டி நிற்காமல் ஓடினால் சார்ஜ் வருகிறது என்று முடிவு செய்வார்கள். காயில் வயரை பாடியில் உரசிப் பொறி பறக்கிறதா என்று பார்ப்பது மற்றொன்று. தீப்பொறிக்குப் பேட்டரியை நம்பாத மேக்னெட்டோ வண்டியில் இவற்றால் பெரிய சேதமில்லை. ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனும் அதைக் கட்டுப்படுத்தும் இ.சி.யூ.வும் உள்ள இன்றைய வண்டியில் பேட்டரிதான் மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தை உள்வாங்கி நிறுத்துகிறது. ஓடும்போது அதைக் கழற்றினால் ஒரு நொடியில் வோல்ட் எகிறி இ.சி.யூ. போய்விடலாம். அதன் விலையில் நல்ல பேட்டரிகள் பல வாங்கலாம். உங்கள் வண்டியில் யாராவது இதைச் செய்ய முனைந்தால் தயங்காமல் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

நிறுத்திவிட்டு என்ன செய்வது என்பதற்கு விடை லண்டன் தபால் துறையிலிருந்து வந்தது. அங்கே பொறியாளராக இருந்த டொனால்ட் மக்கேடி, தொலைபேசிக் கம்பிகளைச் சரிபார்க்க ஆம்பியருக்கு ஒன்று, வோல்ட்டுக்கு ஒன்று, ஓமுக்கு ஒன்று என்று தனித்தனிக் கருவிகளைச் சுமந்து அலுத்துப்போனார். மூன்றையும் ஒரே பெட்டியில் அடக்கினார். 1923இல் 'ஏவோ மீட்டர்' சந்தைக்கு வந்தது. 1977இல் அமெரிக்காவின் ஃப்ளூக் நிறுவனம் கையில் அடங்கும் டிஜிட்டல் மல்டிமீட்டரைக் கொண்டுவந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் இன்டர்சில் நிறுவனம் அளப்பதையும் எண்ணாகக் காட்டுவதையும் ஒரே சிப்பில் அடக்கியது. பிறகு பிரதிகள் கிளம்பின. அந்தச் சிப்பையும் அதன் நகல்களையும் வைத்துச் சீனத் தொழிற்சாலைகள் மஞ்சள் நிற மீட்டர்களைக் குவித்தன. சென்னை ரிச்சி தெருவில் கடைக்குக் கடை தொங்குவது அதுதான். மோட்டார் சைக்கிளைச் சோதிக்க அந்த மலிவு மீட்டரே தாராளம்.

முதலில் பேட்டரியை வெளியில் முழுதாகச் சார்ஜ் ஏற்றிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மற்ற எண்கள் எல்லாம் குழப்பும். சில மணி நேரம் சும்மா இருந்த நல்ல பேட்டரி 12.6 முதல் 12.8 வோல்ட் காட்டும். 12க்குக் கீழே இருந்தால் அது ஏறக்குறைய காலி. செல்ஃப் அடிக்கும்போது 9.5க்குக் கீழே சரிந்தால் தகடுகளே போய்விட்டன என்று சந்தேகிக்கலாம். அடுத்து இன்ஜினை நிமிடத்துக்கு 4,000, 5,000 சுற்றில் பிடித்து அதே முனைகளில் வையுங்கள். 13.5 முதல் 14.5 வரை வந்தால் சார்ஜிங் நன்றாக இருக்கிறது, மின்சாரம் வேறெங்கோ கசிகிறது. திருட்டு அலாரம், ஜி.பி.எஸ்., போன் சார்ஜர் ஆகியவற்றைப் பாருங்கள். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்பாட்டை விட்டுவிட்டது. 12லேயே நின்று மெல்ல இறங்கினால் மேற்கொண்டு தேட வேண்டும்.

அடுத்து காயில். ரெகுலேட்டருக்குப் போகும் கப்ளரைப் பிரித்தால் பெரிய வண்டிகளில் பெரும்பாலும் மூன்று மஞ்சள் வயர் இருக்கும். இன்ஜினை நிறுத்திவிட்டு ஓமில் வைத்தால், எந்த இரண்டு வயருக்கு இடையிலும் ஒரே மாதிரியான மிகச் சிறிய எண் வர வேண்டும். வயருக்கும் பாடிக்கும் இடையில் தொடர்பே இருக்கக் கூடாது. இன்ஜினை ஓட்டி, மீட்டரை ஏ.சி.யில் வைத்து ஜோடி ஜோடியாகப் பார்த்தால் மூன்று எண்ணும் சமமாக ஏற வேண்டும். பல வண்டிகளில் 5,000 சுற்றில் 50 வோல்ட்டைத் தாண்டும். ஒரு ஜோடி மட்டும் பின்தங்கினால் காயில் எரிந்திருக்கிறது. மூடியைத் திறந்தால் வார்னிஷ் கருகிய வாடையும், செம்பு நிறத்தில் இருக்க வேண்டிய வரிசையில் கரிப்பிடித்த சில சுருள்களும் அதை உறுதி செய்யும்.

காயில் சரியாக இருந்தால் உடனே ரெகுலேட்டர் வாங்க ஓடக் கூடாது. கையில் இருக்கும் அந்தக் கப்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெள்ளைப் பிளாஸ்டிக்கின் ஒரு மூலை தேயிலை நிறத்துக்கு மாறியிருக்கும், ஒரு பின்னின் பளபளப்பு போய்ப் பச்சை பூத்திருக்கும். அந்த இடத்தில் பத்தில் ஒரு பங்கு ஓம் தடை ஏறினாலே, 20 ஆம்பியர் ஓடும்போது 40 வாட் சூடு பிறக்கிறது. மின்சாரம் இரு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும் என்று 1840களின் தொடக்கத்தில் எழுதியவர் ஜேம்ஸ் ஜூல், மான்செஸ்டருக்குப் பக்கத்தில் பீர் ஆலை நடத்திய குடும்பத்துப் பிள்ளை. சூடு ஏற ஏற பின் தளர்கிறது, தளரத் தளரத் தடை கூடுகிறது. கடைசியில் 14 வோல்ட்டாகப் புறப்பட்டது பேட்டரியை எட்டும்போது 12 ஆகிவிடுகிறது. இன்ஜின் ஓடும்போது மீட்டரின் ஒரு முனையை ரெகுலேட்டரின் வெளியேறும் வயரிலும் மறுமுனையை பேட்டரியின் பாசிட்டிவிலும் வைத்தால் வழியில் தொலைவது எவ்வளவு என்று நேராகவே தெரியும். அரை வோல்ட்டுக்கு மேல் தொலைந்தால் வயரிங்கைத்தான் திருத்த வேண்டும். எர்த் பக்கத்துக்கும் இதே சோதனைதான். புதிய ரெகுலேட்டரைப் பழைய கப்ளரில் செருகி அதையும் எரித்துவிட்டு, கம்பெனி சரக்கே சரியில்லை என்று சொல்வது நம் ஊர்களில் அடிக்கடி நடக்கிறது.

சரக்கு சரியில்லாமலும் இருக்கலாம். புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் ஒரே வடிவ ரெகுலேட்டர் பல விலைகளில் கிடைக்கும். அலுமினியக் கூட்டை நகல் எடுப்பது எளிது, உள்ளே இருக்கும் குறைக்கடத்தியின் தாங்குதிறன் வெளியே தெரியாது. மாட்டியவுடன் 14.2 காட்டும் பிரதி, அரை மணி நேரம் வெயிலில் ஓடிச் சூடானபின் 15.5 காட்டலாம். அதனால் மாற்றிய அன்றே, வண்டி நன்றாகச் சூடான பிறகு இரண்டாம் முறை அளப்பது அவசியம்.

2017 ஏப்ரலில் இருந்து இந்தியாவில் புதிய இருசக்கர வண்டிகளின் ஹெட்லைட் எப்போதும் எரிய வேண்டும் என்றானது. 2020இல் பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாடு வந்ததும் சின்ன வண்டிகளிலும் இன்ஜெக்‌ஷன் வந்தது. மேக்னெட்டுக்கு வேலை கூடியது. பல ஸ்கூட்டர்களில் தனி ஸ்டார்ட்டர் மோட்டாரையே எடுத்துவிட்டார்கள். ஆல்டர்னேட்டருக்கே மின்சாரம் கொடுத்து அதையே மோட்டாராகச் சுழற்றி இன்ஜினைக் கிளப்புகிறார்கள், சத்தமே இல்லை. 1873 வியன்னா கண்காட்சியில் கிராம் என்பவரின் டைனமோவை யாரோ ஓடிக்கொண்டிருந்த இன்னொரு டைனமோவோடு தவறுதலாக இணைத்துவிட, நின்றிருந்த இயந்திரம் மோட்டாராகச் சுற்றத் தொடங்கியது என்று ஒரு கதை உண்டு. ஆள் பெயரில் வேறுபாடு சொல்வார்கள், நிகழ்வு மின்பொறியியல் வரலாற்றில் நிலைத்துவிட்டது. இந்த ஸ்கூட்டர்களில் 'டிக் டிக்' சத்தமும் கிடையாது. சார்ஜ் குறைந்தால் வண்டி சும்மா மௌனமாக இருக்கும். காதை நம்பிப் பழுது சொல்லும் வழி அடைபட்டுவிட்டது, மீட்டர் ஒன்றே மிச்சம்.

மேக்னெட்டும் ஸ்டார்ட்டரும் செய்து பழகிய அதே ஓசூரில் இப்போது மின்சார ஸ்கூட்டர்கள் உருவாகின்றன. இன்ஜினோடு ஆல்டர்னேட்டரும் போய்விட்டது. சரிவில் இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி பேட்டரிக்குத் திருப்பித் தருகிறது. ஆனால் ஹெட்லைட், ஹாரன், இண்டிகேட்டர் எல்லாம் பெரும்பாலும் 12 வோல்ட்டில்தான் வேலை செய்கின்றன. பெரிய பேட்டரியின் உயர் அழுத்தத்தை அதற்கு இறக்கித் தர ஒரு கன்வெர்ட்டர் பெட்டி இருக்கிறது, அதற்கும் ஒரு கப்ளர் இருக்கிறது. வண்டி விழிக்க மறுத்தால் பெரிய பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன் அந்த 12 வோல்ட் வயரில் மீட்டரை வைத்துப் பார்க்கிறார்கள்.